நட்சத்திரச் சீட்டு

அந்த அலுவலகத்தில் ஏழு பேர் சேர்ந்து ஒரு சீட்டு நடத்தினார்கள். பணச்சீட்டு என்று நினைத்துவிட வேண்டாம். நட்சத்திரச் சீட்டு. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். உள்ளே இருந்தவர்களுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

நகராட்சியின் புகார்ப் பிரிவு அது. தெருவிளக்கு எரியவில்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை, கால்வாய் மூடி உடைந்துவிட்டது என்று ஊர்ச்சனம் போனில் எழுதிப் போடும். அது கணினியில் வந்து விழும். ஏழு எழுத்தர்களும் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டு, வெளிவேலை பார்க்கிற மேஸ்திரிக்கு உத்தரவு அனுப்பி, வேலை முடிந்ததா என்று கேட்டு, முடிந்தபிறகு 'சரி செய்யப்பட்டது' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால் புகார் மூடிக்கொள்ளும். எழுதிப் போட்டவருக்கு, முடித்துக் கொடுத்த ஊழியரின் பெயரோடு ஒரு குறுஞ்செய்தி போகும். ஒழுங்காகச் செய்தால் ஓர் ஆள் மாதத்துக்குப் பதினைந்து முடிக்கலாம். நாள் பார்க்காமல் அலைந்தால் நாற்பது.

தலைமை அலுவலகத்தில் யாருக்கு என்ன கனவு வந்ததோ, போன வருஷம் ஒரு சுற்றறிக்கை வந்தது. ஊழியர்களுக்கு ஊக்கம் கொடுக்கப் போகிறார்களாம். மாதம் நூறு புகார் முடிப்பவருக்கு ஒரு நட்சத்திரம், சுவரில் அவர் புகைப்படம். அதோடு நிறுத்தியிருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். பதவி உயர்வுக்கும், கேட்ட ஊருக்கு மாறுதலுக்கும் ஒரு நட்சத்திரமாவது வேண்டும் என்று கடைசி வரியில் போட்டிருந்தார்கள். ஓர் ஆளுக்கு நூறு. வாழ்நாளில் ஒரு தெருவிளக்கைக்கூட மாற்றிப் பார்க்காதவன்தான் இப்படி ஒரு கணக்குப் போட முடியும்.

இந்தக் கதை அந்த ஏழு பேரில் இளையவளைப் பற்றியது. 'எக்ஸ்பிரஸ்' என்று அவளுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். மூன்று வருஷத்துக்கு முன் சேர்ந்த புதிதில், புகார் வந்தால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் குடையை எடுத்துக்கொண்டு அந்தத் தெருவுக்கே போய்ப் பார்த்துவிட்டு வருவாள். சுற்றறிக்கை வந்த மாதம் மாங்கு மாங்கென்று உழைத்து நாற்பத்துமூன்று முடித்தாள். அத்தனையும் கண்ணால் பார்த்து முடித்தது. அவளுக்குப் பின்சீட்டுக்காரர் ஆறு முடித்திருந்தார். எந்நேரமும் நெற்றியில் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பதால் அவர் 'தலைவலி'. மாதம் பிறந்ததும் இருவருக்கும் மெமோ வந்தது. நூறு என்ற இலக்கை எட்டாததற்குக் காரணம் கூறவும். ஒரே வாசகம், ஒரே கையெழுத்து, பெயர் மட்டும் வேறு. அவள் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"என்ன எக்ஸ்பிரஸ் அப்படிப் பாக்குற? உன் தாளும் என் தாளும் ஒரே எடைதான். சந்தேகம்னா தராசு கொண்டு வரேன்," என்றார் தலைவலி.

"நாப்பத்துமூணுக்கும் ஆறுக்கும் ஒரே மெமோவா சார்?"

"அதனாலதான் நான் ஆறோட நிறுத்திக்கிட்டேன். எப்படியும் வரப்போற மெமோதானே. அதுக்கு எதுக்கு வெயில்ல அலையணும்?"

அவளுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. மறுநாள் அதைவிடப் பெரிய எரிச்சலுக்கு வழி பிறந்தது. அலுவலகக் கண்காணிப்பாளரை எல்லோரும் சூப்பரண்டு என்பார்கள். அவர் அவளைக் கூப்பிட்டு, தலைவலியிடம் தேங்கிக் கிடந்ததில் இருபது புகாரை அவள் கணக்கில் தள்ளினார். "நீதாம்மா சட்டுன்னு முடிக்கிற. அவர்கிட்ட இருந்தா அது ஊறிக்கிட்டேதான் இருக்கும்," என்றார். பாராட்டு என்று நினைத்துத்தான் சொன்னார். இழுக்கிற மாட்டின் மேல்தான் இன்னொரு மூட்டையும் ஏறும். அன்றைக்குக் குடையைச் சுவர் ஆணியில் மாட்டியவள் அப்புறம் அதை மழைக்கு மட்டும்தான் எடுத்தாள்.

நாலாவது மாதம் பெரியக்கா வழி கண்டுபிடித்தாள். பெரியக்கா மூத்த எழுத்தர், ஓய்வுக்கு இரண்டு வருஷம்கூட இல்லை. யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் மாத்திரை கொண்டுவந்து தருபவள். ஒருநாள் தேநீர் நேரத்தில் ஆறு பேரையும் மேசையைச் சுற்றி உட்கார வைத்தாள்.

"இங்க பாருங்க. ஆளுக்குப் பதினஞ்சு முடிச்சா ஆளுக்கு ஒரு மெமோ. ஏழு பேரும் சேந்து ஒரே ஆளு கணக்குல முடிச்சா ஒருத்தருக்கு நட்சத்திரம், ஆறு பேருக்கு மெமோ. மெமோ எப்படியும் வரும். அப்ப எது லாபம்?"

"சீட்டு மாதிரியாக்கா?" என்று நிமிர்ந்தார் தலைவலி. அன்றைக்கு அவருக்குத் தலை வலிக்கவில்லை.

"சீட்டேதான். மாசம் ஒருத்தர் எடுத்துக்கட்டும். மூப்பு வரிசையில போவோம், சண்டை வேண்டாம்."

"எனக்கு வேண்டாங்க்கா," என்றாள் எக்ஸ்பிரஸ். "நான் என் பேருக்கு என் வேலையப் பாத்துக்கறேன்."

"பாத்துக்கோ. யாரு வேண்டாம்னா? ஆனா நட்சத்திரம் இல்லாம நீ எப்படிடி மாறுதல் வாங்கி உன் வீட்டுக்குப் போவ?"

அவளும் சேர்ந்தாள். ஒரு சின்ன நோட்டில் ஏழு பேருடைய கடவுச்சொல்லையும் எழுதிப் பெரியக்காவின் இழுப்பறையில் வைத்தார்கள். இளையவள் என்பதால் எக்ஸ்பிரஸுக்குக் கடைசி மாதம், ஏழாவது சீட்டு.

சீட்டு அருமையாக ஓடியது. முன்பெல்லாம் பேனாவுக்குச் சண்டை போட்டவர்கள், யார் மாதமோ அவருக்காக உட்கார்ந்து முடித்துக் கொடுத்தார்கள். சூப்பரண்டுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தார். மாதம் ஒரு நட்சத்திரம் வருகிற அலுவலகம் என்று அவருக்கும் மேலே நல்ல பெயர். ஆனால் ஒன்று. தன் பெயரில் இல்லாத வேலையை யார் போய்ப் பார்ப்பார்கள்? முதல் மாதம் மேஸ்திரியிடம் கேட்டு முடித்தார்கள். இரண்டாம் மாதம் அவரைக் கேட்டது பாதி, கேட்காதது பாதி. நாலாம் மாதத்தில் மேஸ்திரிக்கு உத்தரவு அனுப்பவே மறந்துபோனார்கள். தலைவலியின் மாதத்தில் எக்ஸ்பிரஸ் அவருக்காகப் பதினொன்று முடித்தாள். அந்தப் பதினொன்றில் ஒரு தெருவைக்கூட அவள் பார்க்கவில்லை.

அவள் வீடு ஐந்து மணி நேரப் பஸ் தூரத்தில் இருந்தது. வாரம் ஆறு நாள் இங்கே ஒரு வாடகை அறை, ஏழாம் நாள் வீடு. புருஷன் டயர் கடைக்காரர். முன்னால் கடை, பின்னால் வீடு. பக்கவாதம் வந்த மாமனார் இரண்டு வருஷமாகப் படுக்கையில் கிடந்தார். இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். மகள் இரண்டாம் வகுப்பு. லாரி டயரைக் கழற்றிப் பாதியில் போட்டுவிட்டு, கைக்கரியைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, அப்பாவைப் புரட்டி, மகளுக்குச் சோறு போட்டு, மறுபடி வந்து டயரைப் பிடிப்பார் அவர். லாரிக்காரன் நின்றுகொண்டு ஏசுவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் முட்டை பொரித்துக்கொண்டிருந்தபோது அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். கை பூராவும் கிரீஸ். அதனால் நிலையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு பேசினார்.

"நேத்து உன் பொண்ணு என்ன பண்ணுச்சு தெரியுமா?"

"என்ன பண்ணா?"

"நான் ஜாக்கிக்கு அடியில கிடந்தேன். நேரமாயிடுச்சு. எந்திரிச்சு ஓடிப் போறேன், இவளே தாத்தாவப் புரட்டி வெச்சிருக்கா. தலைகாணிய முதுகுக்குக் கீழ கொஞ்சம் கொஞ்சமா செருகி, செவுத்துல கால ஊனித் தள்ளியிருக்கா. ஏழு வயசு. தாத்தா எண்பது கிலோ."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கெட்டிக்காரின்னு சொல்லி மிட்டாய் வாங்கிக் குடுத்தேன்," என்றார். "குடுத்துட்டு கடைக்குப் பின்னாடி போய் அழுதேன். உன்கிட்ட சொல்றதுக்கு என்ன வெக்கம். நீ இந்த வருஷத்தோட ஒரு முடிவு பண்ணிடு. ஒண்ணு மாறுதல் வாங்கிட்டு வா. இல்ல, வேலைய எழுதிக் குடுத்துட்டு வா. ரெண்டுல எதுன்னாலும் எனக்குச் சரி. ரெண்டும் இல்லாம நடுவுல நிக்காத."

"அடுத்த மாசம் என் முறைங்க. நட்சத்திரம் வந்துட்டா மாறுதல் நிச்சயம்."

"நட்சத்திரமோ நிலாவோ, எனக்கு அந்தக் கணக்கெல்லாம் புரியல. நீ வர்ற தேதிய மட்டும் சொல்லு."

முட்டை ஒரு பக்கம் கருகியிருந்தது. கருகினதை அவள் எடுத்துக்கொண்டு நல்லதை அவர்களுக்கு வைத்தாள்.

அவள் முறை வந்தது. பெரியக்கா தன் சொந்தக் காரியம் போல இறங்கி வேலை பார்த்தாள். மாதக் கடைசி நாள் மாலை நாலு மணிக்குக் கணக்கு தொண்ணூற்றுநாலில் நின்றது. ஐந்துக்குக் கணினி மாதத்தைப் பூட்டிவிடும். பெரியக்கா மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பழைய புகார்களைக் கிண்டினாள்.

"இது பாரு. குழாய் கசிவு, மூணு மாசம் ஆச்சு. இந்நேரம் அடச்சிருப்பாங்க." ஒரு தட்டு. "விளக்கு. இத அன்னைக்கே போட்டாச்சுன்னு ஞாபகம்." இன்னொரு தட்டு. தொண்ணூற்றொன்பது வரை வந்தாள். "கால்வாய் மூடி. மார்க்கெட் பின்சந்து. மூணு தடவை எழுதியிருக்கான் மனுஷன்."

"மேஸ்திரிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாமாக்கா?" என்றாள் எக்ஸ்பிரஸ்.

"மணி பாத்தியா? அவரு இந்நேரம் எந்தப் பள்ளத்துல இருக்காரோ. நாலு மாசம் ஆச்சுல்ல, போட்டிருப்பாங்கடி."

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு ஐம்பத்திரண்டு. எண்பது கிலோவை நெட்டித் தள்ளுகிற மகளை நினைத்தாள். "போட்டிருப்பாங்க," என்று அவளும் சொன்னாள். பெரியக்கா பொத்தானை அழுத்தினாள். ஏழு பேரும் கைதட்டினார்கள்.

பத்து நாளில் நட்சத்திரம் வந்தது. அவள் புகைப்படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டினார்கள். அதற்கு அடுத்த வாரம் மாறுதல் உத்தரவே வந்துவிட்டது. சொந்த ஊர் நகராட்சி, திங்கட்கிழமை சேர வேண்டும். அவள் போன் பண்ணினாள். புருஷன், "கடைக்குள்ள இருக்கேன், சத்தம். மறுபடி சொல்லு," என்றார். சத்தமே இல்லை. மறுபடி கேட்க ஆசை, அவ்வளவுதான்.

கொடுக்கிற தெய்வம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்குமாம். இங்கே கொடுத்துவிட்டுக் கூரையையும் பிடுங்கிக்கொண்டு போனது. அன்று மத்தியானமே சூப்பரண்டு அவளை அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் இரண்டு தாள் இருந்தது.

"உக்காரும்மா. மார்க்கெட் பின்சந்துல ஒருத்தர் கால்வாய்க்குள்ள விழுந்துட்டாராம். ஆறு நாள் ஆச்சு. பஸ் நிறுத்தத்துல சாவி வெட்டிக் குடுக்கிறவர். காலு ரெண்டு இடத்துல முறிஞ்சிருக்கு. ஆஸ்பத்திரில எழுதிக்கிட்டது தலைமை அலுவலகத்துக்குப் போய், இப்ப கேள்வி வந்திருக்கு. அந்தப் புகார 'சரி செய்யப்பட்டது'ன்னு மூடினது நீ."

அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாத. நான் பதில் எழுதி வெச்சிருக்கேன்," என்று முதல் தாளை நகர்த்தினார். "மேஸ்திரி போன்ல வேலை முடிஞ்சுதுன்னு சொன்னார், அத நம்பி மூடினேன். அவ்வளவுதான். நீ கையெழுத்துப் போடு, இந்த ரெண்டாவது தாள்ல நான் போடறேன். இது உன்ன இங்கேருந்து விடுவிக்கிற உத்தரவு. திங்கக்கிழமை நீ உன் ஊர்ல."

"மேஸ்திரி சொல்லவே இல்லையே சார். அவருக்கு உத்தரவே போகல."

"அவன் ஒப்பந்த ஆளும்மா. நிரந்தரமா என்ன? இங்க நிறுத்தினா இன்னொரு பக்கம் கல்லு தூக்கப் போவான்."

"சரி, அந்த மூடிய இப்பவாவது போடச் சொல்லலாமே சார்."

"எப்படிச் சொல்றது? மூடின புகாருக்கு உத்தரவு அனுப்ப கம்ப்யூட்டர்ல இடம் கிடையாது. உத்தரவு இல்லாம கிடங்குல மூடியத் தர மாட்டாங்க. யாராவது புதுசா எழுதிப் போடணும். அதுவும் இப்ப நடக்கக் கூடாது. அதே இடத்துக்குப் புகார் வந்துச்சுன்னா பழசு தானா திறந்துக்கும். திறந்தா, மூடினவங்க பேர்ல இருக்கிற மாறுதல், உயர்வு எல்லா உத்தரவும் நின்னுபோகும். அந்த மனுஷனோட போனும் சாக்கடையோட போயிடுச்சாம், நம்ம நல்ல நேரம். வெள்ளிக்கிழமை வரைக்கும் யாரும் எழுதாம இருந்தாப் போதும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இவர் ஒரு பள்ளத்தையே இரண்டு தாளுக்கு அடியில் மறைக்கிறார். அவள் நாளைக்குக் கையெழுத்துப் போடுகிறேன் என்று எழுந்து வந்துவிட்டாள்.

சாயங்காலம் பெரியக்கா அவள் அறைக்கு வந்தாள். கையில் ரொட்டியும் பழமும். ஒரே நாற்காலிதான், அதில் பெரியக்கா உட்கார, இவள் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"சாப்டியா?"

"பசிக்கலக்கா."

"நான்தான் அழுத்தினேன்னு சொல்லிடறேன்டி. நாளைக்கே சூப்பரண்டுகிட்ட போய்ச் சொல்லிடறேன்." சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். "எனக்கு இன்னும் பதினோரு மாசம் இருக்கு. ஓய்வூதியத்த நிறுத்தி வெப்பாங்க. புருஷன் இல்லாத பொண்ணு, ரெண்டு பேரப்பிள்ளைங்க என்கிட்டதான் இருக்கு. ஆனாலும் சொல்லிடறேன்."

எக்ஸ்பிரஸுக்குச் சொல்லுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் மனசு வரவில்லை.

"நீ வீட்டுக்குப் போகணும்னுதானே செஞ்சேன்," என்றாள் பெரியக்கா. "எனக்காகவா செஞ்சேன்? சொல்லு."

"எனக்காகத்தான் செஞ்சீங்க."

"அப்புறம் என்ன. சூப்பரண்டு சொல்ற மாதிரி போட்டுட்டுப் போயேன். மேஸ்திரிக்கு நாங்க எல்லாம் சேந்து ஏதாவது பண்றோம்."

"என்னக்கா பண்ணுவீங்க? அவருக்கும் ஒரு சீட்டு போடுவீங்களா?"

பெரியக்காவின் முகம் சுண்டிப் போனது. ரொட்டியை நாற்காலியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். மறுநாள் காலையில் அவளிடமிருந்து உடம்பு சரியில்லை என்று விடுப்புக் கடிதம் வந்தது. இவளுக்குக் கோபம் தலைக்கேறியது. யார் மேல் கோபம் என்றுதான் பிடிபடவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இந்த அலுவலகத்தில் பாவத்தையும் ஏழாகப் பங்கு போட்டு வைத்திருந்தார்கள், ஒருவர் பங்கை எடுத்துக் காட்ட முடியாது.

அவள் அரைநாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். நீளமான ஆண்கள் வார்டு. சாவிக்காரர் அறுபது வயதுக்காரர், வலது கால் இடுப்பு வரை மாவுக்கட்டு. சாவி அராவி அராவி விரல் நுனியெல்லாம் காய்த்திருந்தது. பக்கத்தில் அவர் மனைவி பழம் உரித்துக்கொண்டிருந்தாள். இவள் தன் பெயரைச் சொன்னாள்.

சாவிக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்கதானா அது? சின்னப் பொண்ணா இருக்கீங்களேம்மா."

"மன்னிச்சிடுங்க ஐயா."

"எனக்கு ஒண்ணுதான் கேக்கணும். அந்தச் சந்துக்குள்ள நான் நாலு மாசமாப் போகவே இல்ல. மூடி உடஞ்சு கிடக்குன்னு எனக்குத்தானே தெரியும், நான்தானே எழுதிப் போட்டேன். மெயின்ரோடு சுத்தித்தான் வீட்டுக்குப் போயிட்டிருந்தேன். அரைமணி கூட ஆகும், பரவாயில்லைன்னு நடந்தேன். அப்ப உங்க மெசேஜ் வந்துச்சு."

"ஆமாங்க."

"முதல் ரெண்டு தடவை பதிவு பண்ணிக்கிட்டோம்னு மொட்டையா வந்துச்சு. இது பேரு போட்டு வந்துச்சு. ஒரு ஆளு தன் பேரப் போட்டு சொல்லுதுன்னா பாத்துட்டுத்தானே சொல்லும்? இவகிட்டகூடக் காட்டினேன். அன்னைக்கு மழை. சந்து பூரா தண்ணி, தரையே தெரியல. மூடிதான் போட்டாச்சேன்னு கால வெச்சேன்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"இப்பவாவது போட்டுட்டாங்களாம்மா?" என்று கேட்டாள் அவர் மனைவி. "சுத்திப் பூரா பிள்ளைங்க இருக்கிற சந்து. யாரோ ஒடஞ்ச நாற்காலிய நட்டு வெச்சிருக்காங்கன்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க."

"இன்னும் இல்லங்க," என்றாள். எழுந்து வரும்போது அந்த அம்மாள் உரித்த பழத்தில் நாலு சுளையை அவள் கையில் வைத்தாள். வாங்காமல் வரத் தெரியவில்லை.

அங்கிருந்து மார்க்கெட் பின்சந்துக்கு நடந்தாள். நாற்காலி ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. பள்ளம் ஓர் ஆள் ஆழம். கீழே கறுப்புத் தண்ணீர் ஓடியது. எதிர்வீட்டு வாசலில் இரண்டு பிள்ளைகள் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். பந்து பள்ளத்தருகே உருளும்போதெல்லாம் ஒருத்தி ஓடிவந்து காலால் நிறுத்தினாள். அதுவும் ஒரு ஏழு வயது.

தலைவலிக்காக முடித்த பதினொன்று அவளுக்கு ஞாபகம் வந்தது. அந்தப் பதினொரு இடத்தில் யார் விழுந்தார்கள், யார் எழுந்தார்கள், ஒருவரும் வந்து சொல்லவில்லை. அவளும் போய்க் கேட்கவில்லை. அப்படியிருக்கப் பெரியக்காவை மட்டும் எந்த வாயால் காட்டிக் கொடுப்பது? மேஸ்திரியை எந்தக் கையால் எழுதிக் கொடுப்பது? திங்கட்கிழமை பஸ் கண்முன்னால் நின்றது. அவளுக்கு ஓவென்று கத்த வேண்டும் போல இருந்தது.

போனை எடுத்தாள். பொதுமக்கள் எழுதுகிற அதே பக்கத்துக்குள் போனாள். மார்க்கெட் பின்சந்து, கால்வாய் மூடி இல்லை, ஆள் விழுந்து கால் முறிந்திருக்கிறது, குழந்தைகள் விளையாடுகிற இடம் என்று எழுதிப் படம் பிடித்துப் போட்டாள். அனுப்புவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பந்து மறுபடி உருண்டு வந்தது. அனுப்பிவிட்டாள்.

சட்டென்று பதில் வந்தது. புகார் மறுபடி திறக்கப்பட்டது. பொறுப்பு ஊழியர் என்று போட்டு, கீழே அவள் பெயர்.

மறுநாள் காலை எட்டு மணிக்கே அலுவலகத்துக்குப் போய் மேஸ்திரிக்கு உத்தரவு அனுப்பிவிட்டுக் கூடவே போன் பண்ணினாள். "உத்தரவு வந்துடுச்சாம்மா?" என்று கேட்டார் அவர். "மூடி கிடங்குல எட்டு மாசமா இருக்கே. போறப்பல்லாம் பாப்பேன். யாராவது கேப்பாங்கன்னு பாத்தேன், யாரும் கேக்கல."

தள்ளுவண்டியில் மூடியை ஏற்றிக்கொண்டு மேஸ்திரியும் இரண்டு ஆட்களும் வந்தார்கள். அவளும் போனாள். பழைய மூடியின் உடைந்த துண்டுகளைக் கயிறு கட்டித் தூக்கினார்கள். விளிம்பில் ஒட்டியிருந்த சேற்றை மண்வெட்டியால் சுரண்டி, கலவை பூசி, புது மூடியைக் கடப்பாரையால் நெம்பி நகர்த்தினார்கள். ஓரிடத்தில் இடறி நின்றது. "இந்தப் பக்கம் ஒரு கை பிடிங்கம்மா," என்றார் மேஸ்திரி. அவள் கடப்பாரையைப் பிடித்து அழுத்தினாள். மூடி சரிந்து குழியில் உட்கார்ந்தது. மேஸ்திரி அதன்மேல் ஏறி நின்று இரண்டு தரம் குதித்துக் காட்டினார். ஆரம்பித்து நாற்பது நிமிஷம்கூட ஆகவில்லை. மூன்று வருஷத்தில் அவள் இப்படி ஒரு வேலையைப் பக்கத்தில் நின்று செய்து பார்த்ததே இல்லை. சந்தோஷம் ஒரு கணம் எட்டிப் பார்த்தது. எதற்காக வந்தாய் என்று அவள் அதை விரட்டிவிட்டாள்.

அலுவலகத்துக்குத் திரும்பியபோது சூப்பரண்டு வாசலிலேயே நின்றிருந்தார். முகம் சிவந்திருந்தது.

"எழுதினது நீயா?"

"ஆமா சார்."

"உன் தலைல நீயே மண்ண அள்ளிப் போட்டுக்கிட்டியே. அந்த மேஸ்திரி உனக்கு மாமனா மச்சானா?"

"அவர் ஒண்ணும் சொல்லல சார். சொல்லாததச் சொன்னார்னு என்னால எழுத முடியாது. யாரும் பாக்காம என் கணக்குல மூடினது, பொறுப்பு என்னோடதுன்னு எழுதித் தரேன்."

"சீட்டப் பத்தியும் எழுதுவியோ?"

"எழுதினா நீங்க மேல அனுப்புவீங்களா சார்?"

அவர் உள்ளே திரும்பி நடந்தார். "ஏழு குடும்பம்மா," என்று மட்டும் சொன்னார். அவளை விடுவிக்கிற உத்தரவை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார். மாலையில் தலைமை அலுவலகத்திலிருந்து தாள் வந்தது. மாறுதல் நிறுத்தி வைக்கப்படுகிறது. விசாரணை முடியும்வரை நீண்ட விடுப்போ, ராஜினாமாவோ ஏற்கப்பட மாட்டாது. கடைசி வாக்கியத்தை அவள் மூன்று தரம் படித்தாள். தலைவலி அவளருகே வந்து, தைலப் புட்டியை மேசையில் வைத்துவிட்டுப் போனார். சுவரில் அவள் புகைப்படம் அப்படியே இருந்தது. நட்சத்திரத்தைத் திரும்ப வாங்குவதற்கு விதி எதுவும் இல்லையாம்.

அலுவலகம் காலியானபிறகு படிக்கட்டில் உட்கார்ந்து போன் பண்ணினாள். எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அந்தப் பக்கம் காற்றடிக்கிற இயந்திரம் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

"முடிச்சிட்டியா?" என்றார் புருஷன்.

"ம்."

"எவனோ ஒருத்தன் காலு. எவனோ ஒரு மேஸ்திரி. அவங்களுக்கெல்லாம் நீ நியாயம் பாத்த. எங்கப்பன் முதுகுக்கு யாரு நியாயம் பாப்பாங்க?"

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"சரி, வேலைய எழுதிக் குடுத்துட்டு வந்துடு. வேண்டாம் அந்தப் பொழப்பு. நாளைக்கே வா."

"அதுவும் முடியாதுங்க. விசாரணை முடியற வரைக்கும் விடவும் மாட்டாங்களாம்."

"எத்தன நாளாகும்?"

"போன தடவை ஒருத்தருக்கு ரெண்டு வருஷம் ஆச்சாம்."

அவர் பெருமூச்சு விட்டது கேட்டது. திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். "நீ செஞ்சது தப்புன்னு நான் சொல்லலம்மா," என்றார். "என்னால முடியல. அதத்தான் சொல்றேன். இந்தா, இவகிட்ட நீயே சொல்லு. காலைலேருந்து திங்கக்கிழமை திங்கக்கிழமைன்னு குதிச்சிட்டிருக்கா. என்னால சொல்ல முடியாது."

போன் கைமாறியது.

"அம்மா, நீ காலை பஸ்ஸா, மத்தியான பஸ்ஸா?"

"அம்மா திங்கக்கிழமை வரலடா."

"அப்ப செவ்வாக்கிழமையா?"

"செவ்வாக்கிழமையும் இல்ல. எப்பன்னு அம்மாவுக்குத் தெரியல."

உள்ளேயிருந்து மாமனார் முனகுவது போனில் கேட்டது.

"சரிம்மா, வெச்சிடறேன்," என்றாள் மகள். "தாத்தாவப் புரட்டணும்."